இணையம் எட்டாத பள்ளிகளுக்கு ஒரு நூலகப் பெட்டி: மலைப்பயணக் குறிப்புகள்

ஞாயிறு, புறப்படுவதற்கு முன்

நாளை அதிகாலையில் புறப்படுகிறோம். இணைய இணைப்பே இல்லாத இரண்டு மலைப்பள்ளிகளுக்குச் செல்கிறோம். சாலை உள்ளவரை வண்டியிலும், அதன்பின் நடந்தும் போகவேண்டும். எங்களோடு வருவது உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி ஒன்றும், அதற்கான மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், மின்கலம் ஆகியவையும்தான். இவை அனைத்தையும் சேர்த்து நூலகப் பெட்டி என்றே இக்குறிப்புகளில் எழுதுகிறேன். மின்சாரம் கொடுத்தவுடன் அந்தப் பெட்டி தன்னைச் சுற்றி ஒரு வைஃபை வட்டத்தை உருவாக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி எதுவாயினும் பெட்டியோடு இணைந்து, அதில் சேமித்து வைத்திருக்கும் கலைக்களஞ்சியத்தையும் கதைகளையும் பாடக் காணொளிகளையும் வழக்கமான பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம். வெளியுலகத் தொடர்பு அதற்குத் தேவையில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வைடர்நெட் திட்டத்தினர், இணையத்தின் பயனுள்ள பக்கங்களை ஹார்ட் டிஸ்கில் பதிந்து, ‘இ-கிரானரி’ என்ற பெயரில் ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு அனுப்பி வந்தார்கள். 2007-இல் தொடங்கிய கிவிக்ஸ், முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாகச் சுருக்கி இணையமின்றிப் படிக்க வழி செய்தது. 2012-இல் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தபின், முன்பு ஒரு பெரிய கணினி செய்த வேலையைச் சட்டைப்பையில் கொண்டுபோக முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில், இலவச இணையப் பாடங்கள் தரும் கான் அகாடமியின் பாடங்களை இணையமில்லாத இடங்களில் பயன்படுத்துவதற்கான ‘கே.ஏ. லைட்’ வெளிவந்தது. அதை உருவாக்கிய லேர்னிங் ஈக்குவாலிட்டி அமைப்பினரே பிறகு கோலிப்ரி என்ற விரிவான மென்பொருளைத் தந்தார்கள். இவை எல்லாம் வந்த பின்னரும், 3 முதல் 17 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-இல் அறிவித்தன. நாளை நாங்கள் சந்திக்கப்போகும் குழந்தைகளும் அவர்களைப் போன்றவர்களே.

கடந்த சில வாரங்களின் உழைப்பு முழுவதும், பெட்டிக்குள் எதை வைப்பது என்ற கேள்வியிலேயே கழிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவைப் படங்களோடு முழுமையாக வைத்தால் அது ஒன்றே நூறு ஜி.பி. அளவுக்கு வந்துவிடும். இடம் இருக்கிறது என்பதற்காக வைத்துவிடலாம். ஆனால் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கும் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு அதனால் இன்று என்ன பயன்? ஆகவே 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ள தமிழ் விக்கிப்பீடியாவை முதலில் ஏற்றினோம். அடுத்து தமிழ் விக்சனரி. அதன்பின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் தமிழ்க் கதைகள். அவை வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எந்தக் குழந்தைக்கு எந்தக் கதை என்று ஆசிரியர் முடிவு செய்வது எளிது. பெரிய வகுப்பு மாணவர்களுக்காக, 1998 முதல் தன்னார்வலர்கள் உழைப்பில் வளர்ந்துவரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் ஒரு பகுதி. அறிவியலுக்கு, இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய, திரையில் தொட்டு இயக்கிப் பார்க்கும் ஃபெட் செயல்விளக்கங்கள்.

இப்படி அடுக்குகையில் உரிமம் பற்றிய கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் வழிமறிக்கிறது. இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு, நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்க உரிமை தந்திருப்பது வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தில் வெளியானவற்றை மட்டுமே பெட்டியில் சேர்ப்பது என்று உறுதியாக இருக்கிறோம். நல்ல நோக்கத்துக்காகச் செய்கிறோம் என்பதால் பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்துக்கொள்வது சரியாகிவிடாது. பள்ளிக் குழந்தைகளுக்கு நாங்கள் கொடுக்கும் நூலகம் அந்த வகையிலும் நேர்மையாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிடவேண்டும். அச்சுக்காகப் பழைய எழுத்துருக்களில் தயாரான பி.டி.எஃப். கோப்புகள் திரையில் அழகான தமிழாகத் தெரிகின்றன; ஆனால் அவற்றின் உள்ளே இருப்பது, எல்லாக் கணினிகளும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடு அன்று. ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால், அச்சொல் பத்துப் பக்கங்களில் இருந்தாலும் எதுவும் அகப்படாது. இத்தகைய கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் பாடத் தலைப்புகளையும் முக்கியச் சொற்களையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, தனியே ஒரு பொருளடக்கப் பக்கம் உருவாக்கியிருக்கிறோம். மிகவும் சலிப்பூட்டும் வேலை இது. ஆனாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

திங்கள்

பயணத்தில் பகல் முழுவதும் போய்விட்டது. மழை பெய்து வழுக்கிய பாதையில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் முதல் பள்ளியை அடைந்தோம். தலைமையாசிரியை எங்களுக்காகக் காத்திருந்தார். ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு மூன்றே ஆசிரியர்கள். குழந்தைகளில் பாதிப்பேர் வீட்டில் பேசும் மொழி தமிழன்று. பள்ளிக்கு வந்த பிறகுதான் தமிழைக் கற்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் அவர் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு கொடுத்துச் சென்ற நூலகப் பெட்டி அது. திறப்பு விழா நடந்து, படம் எடுத்து, சில வாரங்கள் ஓடி, நின்றுபோயிற்று. “யாரைக் கேக்கறதுன்னே தெரியல. கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடவும் மனசு வரல,” என்றார்.

உடன் வந்திருக்கும் தொழில்நுட்ப நண்பர் அதை மேசைமேல் வைத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நாங்கள் கொண்டுவந்த பெட்டியை இன்று திறக்கவில்லை. பழையது ஏன் நின்றது என்று தெரியாமல் புதியதை வைத்துவிட்டுப் போவதில் பொருளில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

செவ்வாய்

பழைய பெட்டிக்கு வந்த கேடு சிறியதுதான். மின்சாரம் அடிக்கடி திடீரென்று நிற்பதும் வருவதுமாக இருந்ததில், எழுதிக்கொண்டிருந்த நிலையில் மெமரி கார்டு சிதைந்திருக்கிறது. அந்தக் கார்டில்தான் இயங்குதளமும் இருந்ததால், பெட்டியால் எழுந்திருக்கவே முடியவில்லை. வேறொரு கார்டில் இயங்குதளத்தைப் பதிந்து மாட்டியவுடன் அது உயிர்பெற்றது. கணினி, வைஃபை, மின்னிணைப்பு அனைத்தும் நன்றாகவே இருக்கின்றன. ஓர் உபரிக் கார்டும், அதை மாற்றத் தெரிந்த ஒருவரும் இங்கே இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் இது துணிக்குள் கிடந்திருக்காது.

எந்தக் கருவியானாலும் அதைக் கொடுத்தவுடன் கல்வி மேம்பட்டுவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு, பெரு நாட்டின் அனுபவம் ஒரு பாடம். ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ் அங்கே கிராமப்புறப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் 200 நூல்களும் முன்கூட்டியே பதியப்பட்டிருந்தன. 319 தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. கணினிகள் பெருகின, பயன்பாடும் பெருகியது. பொதுவான அறிதிறன் சோதனைகளில் சிறிது முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண்கள் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. இன்று இந்த மேசையருகே நிற்கும்போது, அது எங்கள் வேலையை எங்கே தொடங்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்வதாகத் தோன்றுகிறது. பெட்டியைப் பேணுபவரும், அதைப் பாடத்தோடு இணைப்பவரும் இந்த ஊரிலேயே வாழ்பவர்களாக இருக்கவேண்டும்.

ஆகவே இன்று மாலைவரை நாங்கள் எதையும் ‘நிறுவவில்லை’. தலைமையாசிரியையும், இளைய ஆசிரியர் ஒருவரும், எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் நிறுவினார்கள். நாங்கள் அருகில் இருந்தோம். மெமரி கார்டில் இயங்குதளத்தைப் பதிவது, உள்ளடக்கத்தைத் தனி டிஸ்கில் வைப்பது, கார்டில் எதுவும் எழுதப்படாதபடி படிக்க மட்டுமேயான நிலைக்கு மாற்றிவைப்பது ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்த்தார்கள். புதிய டிஸ்கில் பெரிய கோப்பொன்று ஏறமாட்டேன் என்று நின்றபோது, பழைய ‘ஃபேட்-32’ முறையில் வடிவமைத்த டிஸ்கில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதையும், வடிவத்தை மாற்றினால் ஏறும் என்பதையும் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாணவி ஒவ்வொரு படியையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அவள் எழுதியதைப் படி எடுத்துப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறோம். நாங்கள் அச்சடித்துக் கொண்டுவந்த கையேட்டைவிட அது தெளிவாக இருக்கிறது.

இன்னொரு சிறு விவரம், இதே வேலையில் இருப்பவர்களுக்காக. இந்தச் சிறு கணினியில் மின்சாரம் நின்றபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. வழக்கமாக அது இணையத்திலிருந்து நேரத்தைத் தெரிந்துகொள்ளும். இணையம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது பழைய தேதியிலிருந்தே தொடங்குகிறது. படிப்பதற்கு அதனால் இடையூறில்லை. ஆனால் கோலிப்ரியில் எந்த மாணவர் எப்போது எந்தப் பயிற்சியைச் செய்தார் என்ற பதிவு முழுவதும் குழம்பிவிடும். பொத்தான் மின்கலத்தில் இயங்கும் சிறு கடிகாரத் தகடு ஒன்றை இணைத்தால் போதும். அதைச் செய்துவிட்டுத்தான் மாணவர்களின் பெயர்களைப் பதிந்தோம்.

புதன்

காலையில் முதன்முறையாக எல்லாக் குழந்தைகளுக்கும் பெட்டி திறக்கப்பட்டது. ஒரு டேப்லெட்டுக்கு மூவர். இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் தொட, ஒருவர் வாசிக்க, மூன்றாமவர் “இல்லல்ல, மேல போ” என்று வழிகாட்ட, மூவரும் பேசிக்கொண்டே படிக்கிறார்கள். மேலும், பெட்டியின் சிறிய வைஃபை ஒரே நேரத்தில் இருபது கருவிகளுக்கு மேல் தாங்குவது கடினம். காணொளி ஓடினால் அதிலும் குறைவு.

முதல் தடை ஆசிரியர்களின் கைப்பேசிகளில் வந்தது. இணையமில்லாத வைஃபையோடு இணைந்ததும், ‘இந்த இணைப்பில் இணைய வசதி இல்லை’ என்று கைப்பேசி எச்சரித்துவிட்டுத் தானாகவே விலகிக்கொள்கிறது. இணைப்பில் தொடரவேண்டும் என்று ஒருமுறை அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டாவது தடை பெரியது. தேடல் கட்டத்தில் தமிழில் தட்டச்சு செய்யக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் ரகர, றகரத்தில் இடறினால் தேடல் வெறுங்கையோடு திரும்புகிறது. ‘பரவை’ என்று எழுதிவிட்டு, பறவைகள் ஏன் வரவில்லை என்று ஒரு சிறுவன் திகைத்து நின்றான். தேடல் என்பது எழுத்தறிவின்மேல் நிற்கும் திறன் என்பதை நகரத்தில் இருந்துகொண்டு நாம் மறந்துவிடுகிறோம்.

இதற்கு இளைய ஆசிரியர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பக்கத்தில் தேடல் கட்டத்தின் மேலே பெரிய படங்களை வைத்து, விலங்கு, செடி, உடல், வானம், எந்திரம் என்று பகுத்து, ஒவ்வொன்றின் கீழும் அவர் தேர்ந்தெடுத்த சில பக்கங்களுக்கு வழி கொடுத்தார். அதோடு, ஒவ்வொரு நாளும் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதிவைத்து, அவற்றை மட்டும் தட்டச்சு செய்து தேடச் சொல்லப்போவதாகத் தீர்மானித்திருக்கிறார். எழுத்துப் பயிற்சியும் தேடலும் ஒரே வேலையாகிவிடுகின்றன.

சின்ன வகுப்புகளுக்குக் கதைகள் போதும் என்றிருந்தேன், அது மெய்யாயிற்று. ஸ்டோரிவீவரில் பல மொழிகளில் ஒரே கதை அதே படங்களோடு இருப்பதால், வீட்டுமொழி வேறாக உள்ள குழந்தைகள் படத்தைப் பார்த்துத் தங்கள் மொழியில் கதையைச் சொல்லி, பின்னர் தமிழ் வரியை வாசிக்கிறார்கள். உரிமம் இடம்தருவதால், அந்தக் கதைகளை அவர்களுடைய மொழியிலும் எழுதிச் சேர்க்கலாம். தமிழ் எழுத்தில் அந்த மொழியை எழுதிப் பார்க்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். அந்த முடிவு அம்மொழியைப் பேசும் பெரியவர்களோடு பேசி எடுக்கவேண்டியது. அவரும் அதையே சொன்னார்.

வியாழன்

இன்று நடந்த அறிவியல் வகுப்பைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதவேண்டும்.

எட்டாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம். ஃபெட் தொகுப்பில் ஒரு செயல்விளக்கம் உண்டு. அதில் மின்கலம், விளக்கு, கம்பி, சாவி ஆகியவற்றை இழுத்து வைத்துச் சுற்றை அமைக்கலாம். மின்துகள்கள் கம்பிக்குள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். விளக்கே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் மின்கலம் தீப்பிடிப்பதுபோலக் காட்டும். ஆசிரியர் எந்த விளக்கமும் தராமல், “லைட்டு எரியணும், பேட்டரி எரியக்கூடாது,” என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றார். வகுப்பறை முழுவதும் மின்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. பத்து நிமிடத்தில் ஒரு குழு, ‘விளக்கு நடுவில் இருந்தால் மின்கலம் எரிவதில்லை’ என்று கண்டுபிடித்தது. ஏன் என்று ஆசிரியர் கேட்டார். விளக்கு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஒருவன் சொன்னான். அப்படியானால் விளக்கைத் தாண்டிய கம்பியில் துகள்கள் குறைவாக ஓடவேண்டுமல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டார். மறுபடியும் அனைவரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள்: விளக்குக்கு முன்னும் பின்னும் துகள்கள் ஒரே வேகத்தில் ஓடின. மின்னோட்டம் விளக்கில் செலவாகிக் குறைகிறது என்பது உலகெங்கும் மாணவர்களிடம் காணப்படும் தவறான எண்ணம். பெரியவர்கள் பலரிடமும் அது இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்முன் நிறுத்தியதால், அந்த எண்ணம் இங்கே ஒரு கேள்வியில் உடைந்தது.

அதன்பின் அவர் மேசை இழுப்பறையிலிருந்து உண்மையான மின்கலங்களையும் கம்பிகளையும் சிறு விளக்குகளையும் எடுத்துக் கொடுத்தார். திரையில் செய்ததைக் கையால் செய்தபோது கம்பி நழுவியது, முனை துருப்பிடித்திருந்தது, விளக்கு மங்கலாக எரிந்தது. திரையில் வராத இந்தத் தொல்லைகளும் அறிவியலே என்று அவர் சொல்லித்தந்தார். இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் அந்த வகுப்பின் சிறப்பு. டேப்லெட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது ஒரு விளையாட்டாக முடிந்திருக்கும்.

வகுப்பு முடிந்தபின் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாதந்தோறும் கீழே ஊருக்குப் போகும்போது இணையத்தில் பாடக் காணொளிகளைப் பார்ப்பாராம். “அங்க போனா எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியாது. இதுல என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மூணு மாசத்துல முழுசாப் பாத்துடுவேன்,” என்றார். இணையமில்லாத நூலகத்தை, இணையத்துக்கு வழியில்லாதவர்களுக்கான குறைபட்ட மாற்று என்றே பெரும்பாலோர் பேசுகிறார்கள். எல்லையுள்ள ஒரு தொகுப்பை ஓர் ஆசிரியர் முழுமையாக அறிந்துகொள்ள முடியும். எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கத்தை எந்த நாளில் கொடுப்பது என்று திட்டமிட முடியும். விளம்பரமும், அடுத்தடுத்துத் தானே ஓடும் காணொளியும், அந்நியர்களின் தொல்லையும் அதில் இல்லை. நல்ல இணைய இணைப்பு இந்த மலைக்கும் வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வந்த பிறகும் இப்படித் தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பு பள்ளிக்குத் தேவைப்படும் என்றே இன்று உறுதியாக நினைக்கிறேன்.

கணிதத்தில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. கோலிப்ரியில் கான் அகாடமிப் பயிற்சிகளை எடுத்தால், எண்கள் மட்டும் உள்ள கணக்குகளைக் குழந்தைகள் விரைவாகச் செய்கிறார்கள். ஆங்கில வாக்கியம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். யார் எந்தக் கணக்கில் தடுமாறினார் என்று ஆசிரியர் தனியே பார்க்க முடிவது பெரும் உதவிதான். தடுமாற்றம் கணக்கிலா மொழியிலா என்பதை மென்பொருள் சொல்லாது; அதை அவர்தான் பக்கத்தில் அமர்ந்து கண்டறியவேண்டியிருக்கிறது.

வெள்ளி

விடாத மழை. சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் ஏறவில்லை. பெட்டிக்கு ஏறக்குறைய 5 வாட்தான் தேவை. பள்ளியிலுள்ள மின்கலம் அதை ஒரு நாள் முழுவதும் தாங்கும். டேப்லெட்டுகளுக்கு மின்னேற்றுவதுதான் பெரும் செலவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 வாட்-மணி கேட்பதால், பத்து டேப்லெட்டுகளை நிரப்பினால் மின்கலம் வற்றிவிடுகிறது. எத்தனை வாட் தகடு வேண்டும் என்று கணக்கிடுபவர்கள் பெட்டியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் மழைக்காலம் முழுவதும் நூலகம் மூடியே கிடக்கும்.

இன்று ஒரே டேப்லெட். தலைமையாசிரியை அதிலிருந்து கதைகளை உரக்க வாசித்தார். குழந்தைகள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். மழை நாள்களுக்கென்றே கதைகளும் பாடங்களும் அச்சில் ஒரு கட்டு இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

சனி

மழை விட்டதும் மலையின் மறுபுறம் இறங்கி இரண்டாவது பள்ளிக்கு வந்தோம். இங்கே பெட்டி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நிற்காமல் ஓடிவருகிறது. எப்படி என்று கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறோம்.

பெட்டியைப் பேணுபவர் இப்பள்ளியில் படித்துவிட்டு ஊரிலேயே தங்கியிருக்கும் ஓர் இளைஞர். பள்ளி முடிந்தபின் மாலையில் இரண்டு மணி நேரம் நூலகம் ஊருக்காகத் திறந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். உபரிக் கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்; பள்ளியில் ஒன்று, தன் வீட்டில் ஒன்று என்றார். குழந்தைகள் கேட்டும் பெட்டியில் விடை கிடைக்காத கேள்விகளை எழுதிவைக்க ஒரு தடித்த பேரேடு வைத்திருக்கிறார். இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் மிகுந்த மதிப்புள்ளது அந்தப் பேரேடு என்று சொல்வேன்.

அதில் ஒரு கேள்வி: அட்டை கடித்த இடத்தில் ஏன் இரத்தம் நிற்பதே இல்லை? மழைக்காலத்தில் பள்ளிக்கு நடந்துவரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது தன் காலில் எழும் கேள்வி. பெட்டியிலுள்ள தமிழ்ப் பக்கங்களில் அவர்கள் தேடியது அகப்படவில்லை. ஆங்கிலக் கட்டுரை விரிவானது. ஆனால் வாசிக்க முடியாதது. ஆகவே இங்குள்ள அறிவியல் ஆசிரியை, ஆங்கிலக் கட்டுரையைத் தான் படித்து, எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடின் என்ற பொருள் இருப்பது, 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்ற அறிஞர் அட்டையில் அப்படியொரு பொருள் உள்ளதைக் கண்டறிந்தது, துண்டித்து மீண்டும் இணைத்த உறுப்புகளில் இரத்தம் தேங்காமலிருக்க மருத்துவர்கள் இன்றும் அட்டைகளைப் பயன்படுத்துவது, அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அனுமதி கொடுத்தது ஆகியவை அதில் இருக்கின்றன. கீழே மாணவர்கள் வரைந்த படங்கள். அட்டை ஒட்டிக்கொண்டால் தங்கள் பாட்டிமார் என்ன செய்வார்கள் என்று அவர்கள் கேட்டு எழுதிய ஒரு பத்தி. பெட்டியிலேயே அதிகமாகத் திறக்கப்படும் பக்கங்களில் அதுவும் ஒன்று என்று இளைஞர் சொன்னார்.

நூலகத்தை வெளியிலிருந்து நிரப்பும் வேலையாகவே நானும் இதுவரை பெரும்பாலும் எண்ணிவந்தேன். ரேச்சல் போன்ற இணையமில்லா நூலகத் தொகுப்புகளும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சோலார்ஸ்பெல் திட்டமும் தேர்ந்தெடுத்து அடுக்கித் தரும் முறை மிகுந்த மதிப்புக்குரியது. அவற்றிலிருந்து நாங்கள் கற்றவை ஏராளம். அந்த அடித்தளத்தின்மேல் பள்ளியே பக்கங்களை எழுதத் தொடங்கும்போதுதான், குழந்தைகள் தாங்கள் கேட்டது நூலகத்தில் ஏறும் என்று அறிந்து கேட்கத் தொடங்குகிறார்கள். பேரேட்டின் முதல் பக்கங்களில் கேள்விகள் அரிதாகவே இருக்கின்றன; அட்டைக்கடி பற்றிய அந்தப் பக்கம் வெளிவந்த பிறகு தாள்கள் நிரம்பி வழிகின்றன.

மாலையில் பெரியவர்கள் சிலர் வந்தார்கள். பயிர் நோய் பற்றிய காணொளி ஒன்றை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தாய், தன் மகள் படிக்கும் கதையைத் தனக்கும் வாசித்துக்காட்டச் சொல்லி அருகில் அமர்ந்திருந்தார்.

ஞாயிறு

கீழே இறங்கிவிட்டோம். எடுத்த முடிவுகளை எழுதிவைக்கிறேன்.

இனி டிஸ்குகள் இரண்டாகச் சுழலும். ஒன்று பள்ளியில் இருக்கும்போது மற்றொன்றை நாங்கள் புதுப்பிப்போம். ஆசிரியர்கள் மாதக் கூட்டத்துக்குக் கீழே வரும்போது மாற்றிக்கொள்வார்கள். மேலிருந்து வரும் டிஸ்கில் பள்ளியில் எழுதிய பக்கங்கள் வரும். அவற்றை ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்கும் கொண்டுசேர்ப்போம். முதல் பள்ளியில் பெட்டியைப் பேணும் பொறுப்பை, படிகளை நோட்டில் எழுதிய மாணவியும் அவளுடைய அண்ணனும் ஏற்றிருக்கிறார்கள். இரண்டாம் பள்ளியின் இளைஞர் ஒருமுறை மலையேறி வந்து அவர்களுக்குக் கற்றுத்தருவார். இளைய ஆசிரியர் விரும்பிக் கேட்ட ஒரு காணொளித் தொடர் திறந்த உரிமத்தில் இல்லை. அதை உருவாக்கியவர்களிடம் எழுதி அனுமதி கேட்கப்போகிறோம், கிடைக்கும்வரை சேர்க்கமாட்டோம்.

பேரேட்டிலிருந்து விடை கிடைக்காத சில கேள்விகளைப் படி எடுத்து வந்திருக்கிறேன். மின்மினி ஏன் விட்டுவிட்டு ஒளிர்கிறது? மலைமேல் அரிசி வேக ஏன் அதிக நேரம் ஆகிறது? மழைக்கு முன் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகின்றன? கிணற்று நீர் காலையில் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? ஆற்றுக் கல் ஏன் உருண்டையாக இருக்கிறது?

இவற்றுள் ஒன்றுக்காவது தெளிவான விடை எழுதக்கூடியவர்கள் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். எழுதுங்கள். முந்நூறு சொற்களுக்குள், யூனிகோடு தமிழில், ஆறாம் வகுப்புக் குழந்தை தானே வாசிக்கும்படியான சிறு வாக்கியங்களில் இருக்கட்டும். படம் சேர்த்தால் அது உங்களுடையதாகவோ திறந்த உரிமத்தில் உள்ளதாகவோ இருக்கவேண்டும். அந்தக் குழந்தைகள் வீட்டிலோ பள்ளிக்கு வரும் வழியிலோ தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த டிஸ்க் இந்த மாத இறுதியில் மேலே போகிறது.